நான் வராத நாள்

நவம்பர் முதல் வியாழன். இத்ரியாவில் மழை.
ஸ்லாவிட்சா ஆறு நாற்காலி போட்டிருக்கிறாள்.
ஐந்து பேர்தானே என்றேன்.
போகோமிர் கோட்டை எதில் போடுவான், என்றாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.

எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு. முப்பத்தொரு பேர்.
சிலரை ஸ்டுட்கார்ட் எடுத்துக்கொண்டது, கார் செய்ய.
சிலரைச் சுரங்கம்:
முதலில் பல்லை ஆட்டிப் பார்த்தது,
பிறகு கையெழுத்தை, பிறகு ஆளை.
யோலாண்டாவைக் கப்பலேற்றிப் போனவன்
ஆறே மாதத்தில் விட்டுவிட்டான்.
ஆஸ்திரேலியா விடவில்லை.
மிச்சமிருப்பவர்களுக்கு ஞாயிறுதோறும் போன்:
யாருக்குக் கண் ஆபரேஷன், யார் வீட்டு நாய் குட்டி போட்டது,
யார் ஏன் எடுக்கவில்லை.

யோலாண்டாவுக்கு இப்போது விடியற்காலை நான்கு மணி.
உப்பு ஜாடியில் சாய்த்துவைத்த போனில்
அவள் நெற்றி மட்டும் தெரிகிறது.
இறக்குடி, இறக்கு, என்று கத்துகிறோம்.
இறக்கினால் கழுத்து.
சரி, நெற்றியோடு பேசுகிறோம்.
அதுவும் நன்றாகத்தான் சிரிக்கிறது.

லூட்விக் ஆரம்பித்துவிட்டான். வருஷா வருஷம் அதே கதை.
யாரும் தடுப்பதில்லை,
பாதியில் பிடுங்கிக்கொள்ளத்தான் காத்திருக்கிறோம்.

அவன் அப்பா மூன்றாம் தளத்திலிருந்து
இருமல் மருந்துக் குப்பியில் கொண்டுவந்த பாதரசம்.
கணக்கு வகுப்பு. மூடி கழன்றது.
மேசைச் சரிவில் ஓடி,
மைக்கூட்டுப் பள்ளத்தில் ஒரு கணம் யோசித்து,
தரையில் விழுந்து நூறாயிற்று.
முப்பத்தொரு பிள்ளைகளும் தவழ்ந்தோம்,
நோட்டு அட்டையால் கூட்டிக் கூட்டி.
ஒன்றைத் தொட்டால் இன்னொன்று விழுங்கியது.
ஆசிரியை ஒஸ்வால்தாவும் மண்டியிட்டாள்.
அவள் கையூன்றிய இடத்தில் ஒரு துளி.
கல்யாண மோதிரம், பத்தரை மாற்றுத் தங்கம்,
கண்ணெதிரே வெளுத்து வெள்ளியாயிற்று.

அழுதாள், என்கிறான் லூட்விக்.
சிரித்தாள், அப்படி ஒரு சிரிப்பு, என்கிறது நெற்றி.
நான் சொன்னேன்: இரண்டும் இல்லை.
அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.
மணியடிக்கும்வரை மற்றக் கையாலேயே
பின்னக் கணக்கு நடத்தினாள்.
பின்னால் கட்டை விரல் மட்டும்
மோதிரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

ஸ்டான்கோ பையைத் திறந்தான்.
பழைய பள்ளியைக் காலி செய்தபோது எடுத்ததாம்,
அறுபத்திரண்டாம் வருஷத்து வருகைப் பதிவேடு.
நகராட்சியில் தலை நரைத்தவன்,
காகிதம் சொல்லாததை நம்பமாட்டான்.
எச்சில் தொட்டுப் புரட்டினான். மார்ச் ஒன்பது.
மிலோய்கா: ஒரு கோடு.
பக்கத்தில் பொடி எழுத்தில், டான்சில்.

தட்டில் ஷ்லிக்ரோஃபி ஆறிக்கொண்டிருந்தது.
இந்தக் கதையை நான்
இரண்டு கணவர்களுக்கும் ஒரு பல் டாக்டருக்கும்
சொல்லியிருக்கிறேன்.
மோதிரம் வெளுத்த வேகம்கூட எனக்குத் தெரியும்.
எப்படித் தெரியும்?

பிறகு மெல்ல, ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில்.
எச்சில் விழுங்க முடியாத தொண்டை.
பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே நேஷ்கா,
சொல்லித் தீராமல் எழுந்து நின்று
நடித்துக் காட்டுகிறாள்:
ஒரு கை முதுகுக்குப் பின்னால்.
இல்லாத மோதிரத்தைக் கட்டை விரல் தேய்க்கிறது.
அறுபது வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கை,
மை படிந்தது, நகம் கடித்தது.

நேஷ்கா ஜன்னலோரம், முதல் பெஞ்ச்,
என்றது நெற்றி, ரொம்ப நேரம் கழித்து.
அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.
லூட்விக் வாதாடவில்லை.
ஆகஸ்டில் அவள் பெட்டியைத் தூக்கியவர்களில்
அவனும் ஒருவன்.

மிலோய்கா வந்திருந்தாள் என்று போட்டுவிடேன்,
என்றாள் ஸ்லாவிட்சா.
ஸ்டான்கோ பேனாவை எடுத்தான். மூடியைத் திறந்தான்.
அரசாங்க ஆவணம், என்றான்.
மூடினான்.

எட்டு மணிக்குக் கிளம்பினோம்.
யோலாண்டாவின் நெற்றிக்கு மேலே விடியத் தொடங்கியிருந்தது.
போகோமிர், மாலை முழுக்க வாயே திறக்காதவன்,
ஆறாவது நாற்காலியிலிருந்து கோட்டை எடுத்தான்.
இருக்கை ஈரம். ஸ்லாவிட்சா துடைக்கவில்லை.
அடுத்த வருஷமும் மழைதான் பெய்யும், என்றான்.